மூன்று லென்ஸும் எட்டுப் பேரும்

மில்லிமீட்டர் என்பது மச்சினன் வைத்த பட்டப்பெயர். மனைவியின் தம்பிகளுக்கு இதைவிட உருப்படியான வேலை வேறு என்ன இருக்கிறது என்று அவர் சலித்துக்கொள்வார். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். எதைக் கேட்டாலும் லென்ஸின் அளவை வைத்து மில்லிமீட்டரில் பதில் சொல்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? "மாமா, போன வருஷம் என்னை ஒரு போட்டோ எடுத்தீங்களே" என்று மச்சினன் ஆரம்பித்தால், "அது தொண்ணூறு" என்பார். அந்தப் போட்டோ எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அவருடைய உத்தியோகம், நசுங்கிய கார்களைப் பார்வையிடுவது. மோதியும் உரசியும் கவிழ்ந்தும் வந்த கார்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, இது நேற்று நசுங்கியதா, போன வருடமே நசுங்கியதா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களை அலுவலகம் கொடுத்த போனில்தான் எடுப்பார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். குனிந்தால் ஒன்று, நிமிர்ந்தால் ஒன்று. இத்தனை வருடத்தில் ஒரு படம் மங்கியதாகச் சரித்திரம் இல்லை. இடித்துவிட்டுப் போன வண்டியின் சாயம் பம்பரில் ஒட்டியிருப்பதுகூடத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அதைப் படம் என்று யாராவது சொல்லிவிட்டால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "அது ஆதாரம். படம் வேற" என்பார்.

அவர் சொல்கிற படம், வீட்டு அலமாரிக்குள் இருந்தது. இன்னும் எடுக்கப்படாமல்தான் இருந்தது. படச்சுருள் போட்டு எடுக்கிற பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று. அதற்கு லென்ஸ் பதினொன்று. அந்த அலமாரி முதலில் மனைவியின் துணிமணி இருந்த இடம். ஈரம் பட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும் என்று சொல்லி, துணியை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். துணியிலும் பூஞ்சை வரும் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். "துணியத் துவைக்கலாம்ல" என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார் நம்ம ஆள்.

மனைவியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை வைத்திருக்கும் வார்டுக்கு அவர்தான் தலைமை நர்ஸ். வார்டில் அவர் ஒரு பார்வை பார்த்தால் பெரிய பெரிய டாக்டர்களே கையைக் கழுவிவிட்டு வருவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்தால், ஜன்னலோரம் போட்டிருக்கும் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். மில்லிமீட்டருக்கு லென்ஸைச் சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே.

இந்த வகைக் கேமராவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மற்ற கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்ப்போம். இதில் அப்படி இல்லை. லென்ஸ் ஒரு பக்கம் இருக்கும். கண் வைத்துப் பார்க்கத் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னலின் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். இதில் மில்லிமீட்டருக்குப் பிடித்ததே அந்த ஜன்னல்தான். "லென்ஸ் குறுக்க வராது. நமக்கும் மனுஷங்களுக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். லென்ஸின் மேல் மூடி இருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்றுதான் தெரியும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மூடியோடு எடுத்த படச்சுருள்களைப் பற்றியும் அவர் வாயைத் திறந்ததில்லை.

வாயைத் திறந்து கேட்டவர் பெரிய சிஸ்டர்தான். ஒன்றுமே விழாமல் வந்த சுருள்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த உடனே, ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் கேட்கிற அதே குரலில் கேட்பார்.

"மூடிய எடுத்தாச்சா?"

"ம்."

"இழுத்தாச்சா?"

இழுப்பது என்பது ஒரு குறிப்பிட்ட லென்ஸுக்கு மட்டும். அந்தப் பதினொன்றில் ஒன்று மடக்கு லென்ஸ். மடக்குக் குடை மாதிரி, வேண்டாதபோது கேமராவுக்குள்ளேயே தள்ளிவிடலாம். சட்டைப் பையில் போட்டால் துருத்தாது. படம் எடுக்கும்போது மறக்காமல் வெளியே இழுத்து, ஒரு திருகு திருகிப் பூட்ட வேண்டும். இழுக்காமல் எடுத்தால் ஜன்னலில் எல்லாம் சரியாகத் தெரியும், மூக்கும் ஒன்றாகச் சேரும், படத்தில் மட்டும் ஒன்றும் உருப்படியாக விழாது. மில்லிமீட்டருக்கு அந்த லென்ஸ் என்றால் உயிர். அதை மறக்காமல் இழுக்க வைத்தது பெரிய சிஸ்டர். அதற்காக ஒரு நாள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இப்படி எடுத்த படங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. எல்லாவற்றிலும் அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே பெரிய சிஸ்டர். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் லென்ஸின் எண். போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்து எடுத்த மாதிரி இருக்கும். முகமும் அதற்குத் தகுந்தாற்போலத்தான். டியூட்டி முடிந்து வந்து கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறவர் முகம் வேறு எப்படி இருக்கும்? மில்லிமீட்டர் அந்தப் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். முகத்தை அல்ல, இமை முடியை. முடி முடியாகத் தெரிகிறதா என்று.

அந்த வருடம் அவருக்குப் புதிதாக ஒரு நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடும் கேமராச் சங்கத்தில், பல் டாக்டர் ஒரு சட்டம் போட்டுவிட்டார். சங்கம் என்றால் நாலே பேர்: பல் டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு பல்புக் கடைக்காரர், நம் மில்லிமீட்டர். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. அதைத்தான் நாலு பேரும் மாற்றி மாற்றி எடுப்பார்கள். அந்தச் சுவரை எடுத்த அளவுக்குப் பெற்ற பிள்ளைகளை அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்.

"மூணு லென்ஸுக்கு மேல வச்சிருக்கிறவன் போட்டோ எடுக்கிறவன் இல்ல, கடை வச்சிருக்கிறவன்" என்றார் பல் டாக்டர். "ஆளுக்கு மூணு. அதுதான் அவனவன் பார்வை. நம்ம சங்கத்துக் கண்காட்சிக்குள்ள எல்லாரும் முடிவு பண்ணிடணும்."

பல்புக் கடைக்காரர் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். அவரிடம் இருந்ததே மூன்றுதான். ஆடிட்டர் பட்டியல் போட்டு மார்க் கொடுத்து முடித்தார். மில்லிமீட்டருக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தைந்து வேண்டுமா, இருபத்தெட்டு வேண்டுமா? முப்பத்தைந்திலேயே இரண்டு இருக்கிறதே, கூர்மையானதா, குணம் உள்ளதா? சாப்பாட்டு மேஜையில் பதினொன்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். பெரிய சிஸ்டர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

அப்படி ஒரு நாள் மடியில் தட்டோடு இருக்கும்போதுதான் பெரிய சிஸ்டர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஏங்க, இந்த மாசக் கடைசியோட எனக்கு ரிட்டயர்மென்ட்."

"தெரியுமே."

"வார்டையும் இடிக்கப் போறாங்க. எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கமாப் போறாங்க. நைட் சிஸ்டர வேற கிளையில போட்டுட்டாங்க. ஆயாம்மா மகன்கிட்டயே போயிடறாங்களாம்."

"சரி."

"நாங்க எட்டுப் பேர். எல்லாம் மூணு ஷிப்டா வேலை பாத்தோம். ஒருத்தர் வந்தா ஒருத்தர் போயிடுவோம். இத்தனை வருஷத்துல எட்டுப் பேரும் ஒரே இடத்துல நின்னதே கிடையாதுங்க. கடைசி நாள் மத்தியானம் ஷிப்ட் மாறும்போது எல்லாரும் வரேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வந்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. எட்டு முகமும் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

பெரிய சிஸ்டர் அவரிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அபூர்வம். கேட்டபோது குரல் கொஞ்சம் தயங்கியது. மில்லிமீட்டர் அதைக் கவனித்தாரா என்றால், கவனித்தார். மனம் இளகிக்கூடப் போனது. ஆனால் இளகிய மனத்திலிருந்து வந்த வார்த்தை இதுதான்: "எட்டுப் பேர்னா முப்பத்தஞ்சு."

அன்றிலிருந்து சோதனை இரட்டிப்பாகிவிட்டது. பெரிய சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் தலையணைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அவற்றை மற்ற ஏழு பேராக வைத்துக்கொண்டார் மில்லிமீட்டர். மச்சினன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, உன் ஸ்டாஃப் எல்லாம் ரொம்ப குண்டா இருக்காங்க" என்றான். "மாமா, நான் வேணா வந்து போன்ல எடுத்துடட்டுமா?" என்றும் கேட்டான். மில்லிமீட்டர் அவனை மூன்று நாளைக்கு மன்னிக்கவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், பெரிய சிஸ்டர் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாளையோடு அந்த வெள்ளைச் சட்டைக்கு வேலை இல்லை. அதனாலோ என்னவோ காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். மில்லிமீட்டர் மேஜையிலிருந்து நிமிர்ந்து, சபையில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி அறிவித்தார்.

"முடிவு பண்ணிட்டேன். குணமுள்ள முப்பத்தஞ்சு, மடக்கு ஐம்பது, தொண்ணூறு. இதுதான் என்னோட மூணு."

"சந்தோஷம். நாளைக்கு எதுல எடுப்பீங்க?"

"அது அந்த நேரத்து வெளிச்சம் சொல்லும்."

பெரிய சிஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மடக்குல எடுத்தா ஞாபகமா..."

"இங்க பாரு" என்றார் மில்லிமீட்டர். "நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி மூடிய எடுத்தாச்சா, இழுத்தாச்சான்னு கேட்டு என்னைச் சின்னப் புள்ளையாக்காத. எனக்குத் தெரியும்."

"நான் கேக்கல" என்றார் பெரிய சிஸ்டர். அந்த வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் அவர்தான்.

மறுநாள் மத்தியானம் மில்லிமீட்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கோட்டு எதற்கு என்றால், அதில்தான் பை பெரிதாக இருக்கிறது. மூன்று லென்ஸும் மூன்று பையில். வார்டின் நடைபாதைக் கடைசியில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், அவர்கள் கூடியிருந்தார்கள். வீட்டில் தூங்க வேண்டிய நேரத்தில் கண் சிவந்து வந்திருந்த நைட் சிஸ்டர், வலிக்காமல் ஊசி போடுவதில் பேர் வாங்கிய ஊசி சிஸ்டர், வார்டு துடைக்கும் ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன், அப்புறம் மற்ற மூன்று சிஸ்டர்கள். ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊசி சிஸ்டரும் நைட் சிஸ்டரும் வருடக்கணக்கில் ஒரே வார்டில் வேலை செய்தவர்கள்; படுக்கையோரம் மாட்டிவிட்டுப் போன காகிதங்களில் ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் படித்தது அதிகம், முகத்தைப் பார்த்தது குறைவு.

ஆயாம்மா போனை எடுத்து நீட்டினார். "சார், இதுலயும் ஒண்ணு எடுத்துருங்களேன்."

"போன் எல்லாம் உள்ள வைங்கம்மா" என்றார் மில்லிமீட்டர். "ஆளுக்கு ஒரு பக்கம் போனைக் காட்டினா கண்ணு நாலா பக்கமும் போயிடும். எல்லாரும் என்னை மட்டும் பாருங்க."

எட்டுப் போனும் உள்ளே போயின. சாருக்குத் தெரியாததா என்று அவர்கள் நினைத்தார்கள். பெரிய சிஸ்டரின் வீட்டுக்காரர் ஆயிற்றே.

முதலில் முப்பத்தைந்தை மாட்டினார். ஓரத்தில் நிற்கிறவர் கன்னம் உப்பிவிடும் என்று கழற்றினார். தொண்ணூறை மாட்டினார். எட்டுப் பேரும் அடங்க வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். போகப் போக முதுகு தீயணைப்புக் கருவியில் போய் முட்டியது. ஸ்ட்ரெச்சர் அண்ணன் ஓடிவந்து பிடித்தார். அதற்குள் பதினோராம் படுக்கையிலிருந்து மணி அடித்தது. ஊசி சிஸ்டர் ஓடினார். எல்லோரும் நின்றபடி காத்திருந்தார்கள். நைட் சிஸ்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். மில்லிமீட்டருக்கு வியர்த்தது. ஊசி சிஸ்டர் திரும்பி வந்த அதே நொடியில் கோட்டின் உள் பையிலிருந்து மடக்கு ஐம்பதை எடுத்து மாட்டி, மூடியைக் கழற்றினார். மூடியைக் கழற்றினோம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்தார். கட்டத்தில் பெரிய சிஸ்டரின் மூக்கு இரண்டாகத் தெரிந்து, ஒன்றாகச் சேர்ந்தது.

"சிரிக்க வேணாம். இயல்பா இருங்க" என்றார்.

"இயல்பா இருந்தா பெரிய சிஸ்டர் திட்டுவாங்க சார்" என்றார் ஆயாம்மா.

அவ்வளவுதான். எட்டுப் பேரும் உடைந்து சிரித்தார்கள். பெரிய சிஸ்டர் தலையைப் பின்னால் சாய்த்து, ஆயாம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியில் ஒரு நாளும் வராத சிரிப்பு. அவர் லென்ஸைப் பார்க்கவே இல்லை. இழுத்திருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் படம் பிடிக்கப்படுகிறவராக மட்டும் நின்றார். மில்லிமீட்டர் அதை ஜன்னலில் பார்த்தார். இந்த முகம் இவளிடம் இருந்ததா, இது என் வீட்டில்தான் இருந்ததா என்று அவர் மலைத்தார். விரல் தானாக அழுத்தியது. மறுபடி அழுத்தியது. சுருள் தீரும்வரை எடுத்தார்.

சுருளைக் கழுவுவது அவருடைய வீட்டுக் குளியலறையில்தான். வெளியில் கொடுத்தால் கீறிவிடுவார்கள் என்பார். மறுநாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாம் முறைப்படி செய்து, ஈரச் சுருளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு கட்டம் பார்த்தார். அடுத்த கட்டம் பார்த்தார். கடைசிக் கட்டம்வரை ஒரே மாதிரி இருந்தது: சாம்பல் நிறத்தில் எட்டுத் திட்டுகள். கஞ்சி சிந்திய துணி மாதிரி.

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் ஒரு குரல் கேட்டது. "இழுத்தாச்சா?"

வெளியிலிருந்தும் குரல் வந்தது. "ஏங்க, எப்படி வந்திருக்கு?"

"காயணும்" என்றார் மில்லிமீட்டர்.

அது இரண்டு நாள் காய்ந்தது. நாலு நாள் காய்ந்தது. உலகத்தில் எந்தத் துணியும் அத்தனை நாள் காய்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போகும்போது ஒரே ஒரு பிரதியைப் பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஏதாவது செய்து மீட்க முடியுமா என்று கேட்கத்தான் போனார். அது மட்டும் உண்மை. மேஜையில் வைத்து வாயைத் திறப்பதற்குள் பல் டாக்டர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"அடேயப்பா" என்றார். "ஆள் இல்ல, ஆளோட நினைப்பு மட்டும் இருக்கு."

"முகத்தை எடுத்துட்டாரு பாருங்க" என்றார் ஆடிட்டர். "முகம் இருந்திருந்தா இது வெறும் குரூப் போட்டோ."

"இதுக்கெல்லாம் துணிச்சல் வேணும்" என்றார் பல்புக் கடைக்காரர்.

பல் டாக்டர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "வேணும்னேதான செஞ்சீங்க?"

இந்த இடத்தில் மில்லிமீட்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. மென்று முழுங்கினார். பிறகு அவர் வாயிலிருந்து வேறொருவர் பேசுவது போல வந்தது. "லென்ஸ் முழுத் திறப்பு. மடக்கு ஐம்பது. ரொம்ப நாளா மனசுல இருந்தது."

கண்காட்சி பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நடந்தது. கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எதிரில் செங்கல் சுவர்கள் வரிசையாகத் தொங்கின. நடுவில், தனி விளக்கின் கீழ், 'விடைபெறல்' என்ற தலைப்பில் எட்டுத் திட்டுகள். ஓரத்தில் முதல் பரிசு என்று நீல ரிப்பன். மில்லிமீட்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். பெரிய சிஸ்டரிடம், "அங்க வந்து பாரு, அதுதான் நல்லாயிருக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார். எப்படியாவது நாள் தள்ளினால் போதும் என்ற நிலைமை அவருக்கு.

பெரிய சிஸ்டர் தனியாக வரவில்லை. ஆயாம்மாவும் ஊசி சிஸ்டரும் கூட வந்தார்கள். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆயாம்மா மறுநாள் மகனிடம் கிளம்புகிறார். போவதற்குள் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தலை வாரி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்.

மூவரும் படத்தின் முன்னால் நின்றார்கள். ஆயாம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"சார், இதுல நான் எது?"

மில்லிமீட்டர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா, இதுல நீங்க யாருங்கிறது முக்கியமில்ல. எல்லாருமே போயிட்டிருக்கோம். அதைத்தான் சார் காட்டியிருக்காரு."

"நான் நாளைக்குத்தான் போறேன்" என்றார் ஆயாம்மா. "அன்னிக்கு இருந்தேனே."

கன்னம் வீங்கிய ஒருவர் சிரிக்கப் போய் வலியில் முனகினார். ஊசி சிஸ்டர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய சிஸ்டர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காயத்தின் கட்டைப் பிரித்துப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, மெதுவாக, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இழுத்தீங்களா?"

மில்லிமீட்டருக்குக் காது சிவந்தது. பல் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருந்தார், நீல ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது வேணும்னே எடுத்ததும்மா" என்றார்.

பெரிய சிஸ்டர் தலையை ஆட்டினார். நோயாளி மாத்திரையை விழுங்கினேன் என்று பொய் சொல்லும்போது அவர் ஆட்டுகிற அதே ஆட்டம். "சரி. கண்காட்சி முடிஞ்சதும் இது எனக்கு வேணும் டாக்டர்" என்றார். "வீட்டு ஹால்ல மாட்டணும்." பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு ரசனையுள்ள மனைவி தனக்கு வாய்க்கவில்லையே என்று அன்றைக்கு அவர் வீட்டில் ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

படம் ஹாலுக்கு வந்தது. வாசல் கதவைத் திறந்தால் நேரே கண்ணில் படுகிற சுவரில் பெரிய சிஸ்டரே ஆணி அடித்து மாட்டினார். மில்லிமீட்டரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். என்னங்க படம் இது? பெரிய சிஸ்டர் ஒரே பதிலைச் சொன்னார். "அவரையே கேளுங்க." சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்.

தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரிடம் 'முழுத் திறப்பு' என்றார் மில்லிமீட்டர். அவர் குழாயைத்தான் சொல்கிறாரோ என்று அந்த மனிதர் போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் 'நினைவின் சாயல்' என்றார். கண் பரிசோதனை செய்துகொள்ளும்படி அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் பெரிய சிஸ்டர் நின்று கேட்டுவிட்டு உள்ளே போவார். அலமாரியில் மூன்று லென்ஸும் தனித் தட்டில் இருந்தன. மில்லிமீட்டர் அதைத் திறப்பதே குறைந்துபோயிற்று.

ஒரு சாயங்காலம் மச்சினன் வந்தான். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டான்.

"என்ன மாமா இது? சுவத்துல ஓதம் அடிச்சிருக்கா?"

சமையலறையில் பெரிய சிஸ்டர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீர் நின்றது.

"அது வந்து மாப்ளே" என்று ஆரம்பித்தார் மில்லிமீட்டர். "முழுத் திறப்புல..."

சமையலறையில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மில்லிமீட்டர் படத்தைப் பார்த்தார். பரிசு ரிப்பன் இன்னும் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"லென்ஸை இழுக்க மறந்துட்டேன்" என்றார்.

மச்சினன் சிரிக்க வாயெடுத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்து அடங்கினான். படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "இது அக்காவோட ஆளுங்களா? அந்தக் கடைசி நாளா?"

"ஆமா."

"அக்கா எது?"

மில்லிமீட்டர் நடுவில் இருந்த ஒரு திட்டின் மேல் விரலை வைத்தார். "இது. ஆயாம்மா தோளப் பிடிச்சிட்டு சிரிச்சிட்டு இருக்கா."

மச்சினன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா. சிரிச்சாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கேமரா ஜன்னல்ல தெரிஞ்சுதுடா" என்றார் மில்லிமீட்டர். விரலை எடுக்கவில்லை. "பளிச்சுன்னு தெரிஞ்சுது. நான் ஒருத்தன்தான் பாத்தேன்."

சமையலறையில் வெகுநேரம் கழித்துத்தான் குழாய் திறந்தது.